தப்பெல்லாம் குண்டு மேலே

காஞ்சிபுரத்தில் வாடிக்கையாளர் ஜெயிக்க வேண்டுமே என்று சாப்பிடாமல் தூங்காமல் கவலைப்படுகிற ஒரே வியாபாரி குண்டண்ணன்தான். பட்டுக்கடைக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆள் ஒல்லிக்குச்சி. தேரடிப் பக்கம் சாயங்காலங்களில் பலூன் சுடும் கடை போடுகிறவர். கூரம், தென்னேரி என்று எங்கே திருவிழா நடந்தாலும் பலகையையும் பலூனையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடையது அடியிலிருக்கும் நெம்புகோலை இழுத்தால் காற்று ஏறுகிற பழைய துப்பாக்கி. மற்ற கடைகளில் குழாய் நுனியில் குறிபார்க்கிற முள்ளைக் கொஞ்சம் கோணலாக வைத்திருப்பார்கள், பலூன் தப்பிக்க வேண்டுமே. இவர் தினமும் அதை நேராக்கிவிட்டு, அது போதாதென்று குண்டு பொறுக்க உட்கார்ந்துவிடுவார்.

அது ஒரு தனிக் கூத்து. கடையில் வாங்கும் ஈயக்குண்டு டப்பாவை அப்படியே பயன்படுத்துவது அவருக்குப் பாவம். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பார். கோணலாக உருண்டால் கழிசல். சரிகை வியாபாரி ஒருவரிடம் பழசாக வாங்கிய சின்னத் தராசில் எடை போடுவார். அதிலும் தேறினால், பின்பக்கம் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்பைத் தானே செய்த இடுக்கியால் சுற்றிலும் பட்டும் படாமல் அமுக்குவார். அதிகம் அமுக்கினால் காற்று ஒழுகும், குறைத்து அமுக்கினால் குழாயில் சிக்கும். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இந்த ஆளு இவ்ளோ நேரம் பாக்கலம்மா" என்று அவர் மனைவி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அவருடைய கட்சி ஒன்றே ஒன்றுதான். சுடுகிறவர் தப்பே செய்யமாட்டார், தப்பெல்லாம் குண்டு மேலே. ஒருமுறை சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டு, பக்கத்துக் கரும்புச்சாறு கடையின் டியூப்லைட்டைத் தூள் தூளாக்கினார். குண்டண்ணன் லைட்டுக்குக் காசு கொடுத்தார். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அந்தக் குண்டைத் தேடிக் கண்டுபிடித்து, விளிம்பைக் காட்டி அதைத் திட்டினார்.

இந்த மனிதரிடம் நான் மாட்டிக்கொண்டது என் கெட்ட காலத்தில். நான் ஆரி வேலை செய்கிறவள், கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மணியும் சரிகையும் வைத்துத் தைக்கிற பிழைப்பு. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் நடுங்கின. ஊசி துணியைக் கிழித்தது. வந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. மிச்சம் ஒன்றுதான், என் அக்கா மகளின் முகூர்த்த ஜாக்கெட். நீ தைத்துக் கொடுத்தால்தான் போட்டுக்கொள்வேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். கல்யாணத்துக்கு இருந்தது இரண்டே மாதம்.

ஆஸ்பத்திரியில் பிசைய ஒரு ரப்பர் பந்து கொடுத்து அனுப்பினார்கள். அதோடு திரும்பி வருகிற வழியில், என்ன ஆத்திரமோ, குண்டண்ணன் கடையில் நின்று சுடுவதற்குத் துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். ஐந்து குண்டு. ஐந்தும் பலகையில்கூடப் படவில்லை. என் கை ஆடியதைக் கூட்டமே பார்த்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

குண்டண்ணன் என் கையைப் பார்த்தார். ஒரு மாதமாகப் பொறுக்கிச் சேர்த்த நல்ல குண்டு டப்பாவை எடுத்தார். அத்தனையையும் கழிசல் டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டார்.

"பூரா கெட்டுப்போய் இருக்குதும்மா. எல்லாத்தையும் மறுபடி பொறுக்கணும். எனக்குக் கண்ணு செரியா தெரில. நீ மணி கோக்கறவ, காலைல வீட்டாண்ட வந்து கூட உக்காரு."

அவர் வீடு பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மறுநாள் போனேன். முதல் வாரம் நான் எடுத்த குண்டெல்லாம் தரையில் உருண்டன. "திமிரப் பாரேன், கைல நிக்குதா பாரு" என்று குண்டுகளை அதட்டினார். இடுக்கியால் அமுக்கச் சொன்னார். நான் அமுக்கியவை அப்பளமாகின. கம்பெனிக்காரன் ஈயத்தில் கலப்படம் செய்துவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவ வைப்பார். ஈயமாம், விஷமாம். நான்காவது தடவையும் கழுவச் சொன்ன நாளில் நான் சண்டை போட்டேன்.

ரப்பர் பந்து அலமாரியில் தூங்கியது. ஐந்தாவது வாரம், ஒரு டப்பா முழுக்க ஒரு குண்டுகூடக் கீழே விழாமல் விளிம்பு அமுக்கி முடித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து ஆரிச் சட்டத்தில் துணியைக் கட்டினேன். சங்கிலித் தையல் நேராகப் போயிற்று. நான் அழுத அழுகையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் ஜாக்கெட் தயார். அதை எடுத்துக்கொண்டு போய்க் குண்டண்ணனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையைச் சரிசெய்யத்தான் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். குண்டு சரியில்லாததால்தான் கூப்பிட்டதாகச் சாதித்தார். ஜாக்கெட்டை மடித்துக் கொடுக்கும்போது முகம் மட்டும் வாடிப்போயிற்று.

"அப்போ நாளைலேர்ந்து நீ வர மாட்டியாம்மா?"

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று பொய் சொன்னேன். அது ஆகிறது மூன்று வருஷம். இன்றைக்குக் காலையிலும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.