நடுவில் நின்று கையொப்பம்

ஈரநிலப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஈரத்துக்கு அனுமதி இல்லை. கோப்புகளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மழைக்காலம் முழுவதும் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். நனைந்த குடையோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் உண்டு. அந்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நிலம் அளந்துகொண்டிருந்தவளை எல்லோரும் சர்வேயரம்மா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

யாரும் யாரிடமும் கை நீட்டாத, சுத்தமான அலுவலகம் அது. அங்கே நடந்ததெல்லாம் விதிப்படிதான் நடந்தது. அதுதான் சிக்கல்.

முன்னொரு காலத்தில் ஓர் ஆய்வாளர் பதினோரு சதுப்புகளை ஒரே டீக்கடையில் உட்கார்ந்தபடி ஆய்வு செய்துவிட்டாராம். அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தப் பதினொன்றும் ரத்தாகி, படிவம் ஏழு திருத்தப்பட்டது. 'ஆய்வு அலுவலர் நிலத்தின் மையப் புள்ளியில் நேரில் நின்று, கண்ணால் கண்டு, அவ்விடத்திலேயே கையொப்பமிட வேண்டும்.' நல்ல விதிதான். ஆனால் தண்ணீர் இருக்கும்போது சதுப்பின் நடுவில் நின்றால் அலுவலர் கழுத்துவரை சேற்றுக்குள் போய்விடுவார். படகில் போகலாமென்றால், பயணப்படி விதிகளில் படகு ஒரு வாகனமே இல்லை. ஆகவே ஆய்வுகள் எல்லாம் கோடையில் நடந்தன. கோடையில் அலுவலர் நடுவில் போய் நின்றார், நாலு பக்கமும் பார்த்தார், 'நீர் காணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். இப்படியாக, அலுவலகம் திறந்த நாள் முதல் ஓர் ஈரநிலம்கூட அகப்படவில்லை. ஈரநிலப் பதிவேடு கோடு போட்ட வெள்ளைத் தாள்களோடு, குழந்தையின் புது நோட்டுப் போல மணத்துக்கொண்டிருந்தது.

ஊருக்குப் பின்னால் இருந்த கோரைச் சதுப்பின் முறை அந்தக் கோடையில் வந்தது. அதைப் பற்றி இரண்டு மனுக்கள் இருந்தன. ஒன்று, அங்கே கோரை அறுத்துப் பிழைக்கும் ஒரு பெண் கொடுத்தது. சதுப்பை ஈரநிலமாக அறிவித்துக் காப்பாற்ற வேண்டும் என்றது. இன்னொன்று கடைசித் தெருக் குடியிருப்போர் சங்கம் கொடுத்தது. கொசு, பாம்பு, தவளைச் சத்தம் ஆகிய காரணங்களால் அதை மூடிவிட வேண்டும் என்றது. சங்கத்தின் செயலாளர் சர்வேயரம்மாவின் கணவர். அவர்கள் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. அவளும் அவரும் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. தரையில் எந்த நிறக் கல் பதிப்பது என்று மூன்று மாதம் சண்டை போட்டிருந்தார்கள்.

ஆய்வு நாளன்று அதிகாரி புதுச் செருப்போடு வந்து வெடித்த சேற்றின் நடுவில் நின்றார். சர்வேயரம்மா மட்டக்கருவியை நிறுத்தி உயரங்களைக் குறித்தாள். கோரைக்காரி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, ஒரு முழம் தோண்டிப் பாருங்க. அடியில ஈரம் இருக்கும். இது செத்துப் போகல, தூங்குது."

"தூங்குறதுக்குப் படிவத்துல இடம் இல்லம்மா. இருக்கு, இல்ல. ரெண்டே கட்டம்."

"மழை நாள்ல ஊர்த் தண்ணி மொத்தமும் இங்கதான் வந்து உக்காருது. அப்புறம் மெதுவா மண்ணுக்குள்ள இறங்குது. உங்க வீட்டுக் கிணறு கோடையில உப்புக் கரிக்காம இருக்குன்னா அது இதோட புண்ணியம். இத மூடிட்டா அந்தத் தண்ணி எங்க போய் உக்காரும்?"

"அது வடிகால் துறை. அடுத்த கட்டடம், ரெண்டாவது மாடி."

மீன்கள் முட்டையிடுவதைப் பற்றியும், குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கும் வாத்துகளைப் பற்றியும் அவள் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பறவைகள் என்ற கட்டத்தில் 'ஆய்வு நேரத்தில் ஆஜராகவில்லை' என்று எழுதினார்.

சர்வேயரம்மா தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் பச்சையாகச் சொல்லின. ஊரிலேயே தாழ்ந்த இடம் இந்தச் சதுப்பு. இதை மூடினால் அடுத்த தாழ்ந்த இடம் கடைசித் தெரு. அந்தத் தெருவிலும் தாழ்ந்தது அவள் வீட்டு வாசற்படி. குறிப்புரைப் பகுதியில் ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டாள்.

"என்னன்னு?"

"மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்னு, சார்."

"மழைக்காலத்துல தண்ணி எங்கதான் நிக்கல? இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க ரிடையர் ஆகப் போறீங்க. இத்தனை நாள் குறிப்புரையே எழுதாத கை. எதுக்கு இப்போ?"

பேனா அவள் கையில்தான் இருந்தது. வீட்டில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். அதிகாரிக்குக் கீழே கையொப்பமிட்டாள்.

லாரிகள் வந்தன. இடித்த கட்டடங்களின் எலும்பும் சதையும் சதுப்பின் வாயில் கொட்டப்பட்டன. அதன் மேல் நீர்முகப்புக் குடியிருப்புகள் எழுந்தன. நீரைக் காணோமே என்று யாரும் கேட்கவில்லை, முகப்பு நன்றாக இருந்தது. சுற்றுச்சுவரில் நாரைகளை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். இயற்கையை நேசிப்பது அப்போது ஊரில் புது மோஸ்தர். காலையில் அதற்கென்றே தைத்த உடையில் மக்கள் வந்து அந்த நாரைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மை நாரைக்குச் சேறு வேண்டும், படம் எடுக்கச் சொன்னால் நிற்காது. சுவர் நாரை அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் பெய்தது. வழக்கமாக வந்து உட்காரும் தண்ணீர் வந்து பார்த்தது, தன் இடத்தில் யாரோ குடியிருப்பதைக் கண்டது, சத்தம் போடாமல் கடைசித் தெருவுக்குள் திரும்பியது. அதே தெரு முனையில் இருந்த ஈரநிலப் பாதுகாப்பு அலுவலகத்துக்குள்ளும் குடை இல்லாமல் நுழைந்தது. சர்வேயரம்மாவின் வீட்டில் முழங்கால் அளவு நின்றது. கணவர் கட்டிலின் மேல் உட்கார்ந்து, தெளிந்த தண்ணீருக்கு அடியில் தெரிந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்ன நிறமே போட்டிருக்கலாம்" என்றார்.

மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் தண்ணீர் போகவில்லை. போக இடம் இல்லை. மோட்டார் வைத்து இறைக்க அனுமதி கேட்டு அவள் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில், முழங்கால் தண்ணீரில், கல்யாண மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தார். கையில் படிவம் ஏழு.

"வாங்க, வாங்க. நடுவுல நிக்கறேன், தண்ணி இருக்கு, ஆளும் முழுகல. இப்படி ஒண்ணு நம்ம சர்வீஸ்ல அமைஞ்சதே இல்ல." அலமாரியின் மேல் ஒரு நாரை உட்கார்ந்திருந்தது. மணி பதினொன்று. "ஆஜர்" என்றார் அதிகாரி, நாத் தழுதழுக்க.

அலுவலகத்தோடு கடைசித் தெரு முழுவதும் நாட்டின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் மை பட்டது. ஈரநிலத்திலிருந்து ஒரு குடம் நீரை இறைப்பதும் குற்றம் என்பதால் மோட்டார் மனு தள்ளுபடியானது. ஈரநிலத்துக்குள் மனிதர் குடியிருப்பதும் குற்றம் என்பதால் அடுத்த வாரமே எல்லா வீடுகளுக்கும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. சர்வேயரம்மாவின் வீட்டு நோட்டீஸில் எல்லைகளை அளந்து சான்றளித்தவர் என்ற இடத்தில் அவள் கையொப்பம் இருந்தது. எல்லை சரியாகத்தான் இருந்தது.

அரசு கருணை உள்ளது. வீடு இழந்தவர்களுக்கு ஊரின் மறு பக்கத்தில் மாற்று மனை தருவதாகச் சொன்னது. அந்த இடத்தையும் போன கோடையில் அவள்தான் அளந்திருந்தாள். கோரைக்காரி இப்போது அங்கேதான் அறுத்துக்கொண்டிருந்தாள். மனை வாங்க நின்ற வரிசையில் சர்வேயரம்மாவையும் அவள் கணவரையும் கண்டு அருகில் வந்தாள். அவள் கோபப்படவில்லை.

"அக்கா, எனக்கு அடுத்த எடம் எதுன்னு இப்பவே சொல்லிடுங்க. கோரை நாத்த வேரோட எடுத்துட்டு நடந்தே போகணும்."

 அதற்குள் சர்வேயரம்மாவை வரிசையில் பார்த்த செய்தி பரவி, பின்னால் ஆட்கள் கூடினார்கள். அளந்தவளே வாங்குகிறாள் என்றால் மேட்டு நிலமாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். வீடு இழக்காதவர்கள்கூடச் சிலர் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் சந்தேகம் தீராமல் அவள் தோளைத் தொட்டார்.

"மறைக்காம சொல்லும்மா. இங்க தண்ணி நிக்குமா?"

கணவர் அவள் முழங்கையைப் பிடித்தார். வரிசை முழுவதும் வாயை மூடிக்கொண்டு அவள் வாயைப் பார்த்தது.

"நான் பாத்தப்போ நிக்கல" என்றாள்.

அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.