ஓவன் கதவுக்கு ராடு தேர்ந்த படலம்

தீயே, மின்னே, கண்ணைப் பறிக்கும் நீலச்சுடரே, சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். கருங்கண்ணாடி முகமூடி தரித்தோன், ஆயிரம் கேட்டுகளையும் ஆறாயிரம் ஜன்னல் கம்பிகளையும் ஒட்டி நிறுத்தியோன், பொறி பட்டுப் பொத்தலான சட்டையையே விழுப்புண்ணாய்ப் பூண்டோன், நம் வெல்டர் வருகிறார். அவர் கக்கத்தில் இருப்பது பகைவர் கோட்டையின் கதவு அன்று. அவர் மனைவி நடத்தும் பேக்கரியின் ஓவன் கதவு.

கதவோ மெல்லிய தகடு. சூடு சற்றே மிஞ்சினால் ஓட்டை விழும். அதைத் தாங்கும் கீலோ காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்திய எஃகு. அரத்தால் தேய்த்தால் அரம்தான் தேயும். இவ்விருவரையும் ஒன்றாகக் குடித்தனம் வைக்க நம் வெல்டர் ஏற்கெனவே இருமுறை முயன்றார். இருமுறையும் ஒட்டு ஆறும்போது கீல் பக்கம் 'டிக்' என்றொரு ஓசை எழுந்து, சம்பந்தம் முறிந்தது. இன்றும் முறிந்தால், நாலு மணிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போகவேண்டிய இருநூறு பன்கள் மாவாகவே கிடக்கும். இரண்டு வருஷம் அலைந்து மனைவி வாங்கிய முதல் பெரிய ஆர்டர் அது. வெளியே சிங்கமாய் உலவினாலும் வெல்டருக்கு உள்ளுக்குள் பயம்தான்.

படைக்கலக் கொட்டிலாகிய தகர அலமாரியைத் திறந்தார். முதலில் முன்வந்தது சாதா ராடு, உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி. ஊர் முழுக்க அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உயிர்த்தோழன், இவ்விடத்தில் மட்டும் இருமுறை தோற்றோடிய தோழன். பழகிய பாசத்தால் அதையே மூன்றாம் முறையும் எடுத்தார். வாசலில் நின்று மனைவி பார்த்தாள். கீழே வைத்துவிட்டார்.

அடுத்து எழுந்தது உயர்குல ராடு. வலிமையில் நிகரற்றதாயினும், காற்றில் சிறிது நேரம் கிடந்தாலே ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரத்தோடு ஒட்டினால் கெட்டி எஃகு விரிசல் விடும். ஆதலின் ஒரு மணி நேரம் ஓவனில் உலர்த்தியே களமிறக்க வேண்டும் என்பது விதி. அவ்விதி வழுவாது, ராடும் கையுமாய் நிலமதிர நடந்து ஓவனை அடைந்த பிறகே, ஓவனுக்குக் கதவு இல்லை என்பது நம் தலைவருக்கு உறைத்தது. கதவு அவர் கக்கத்தில் இருந்தது.

எஞ்சிய வழி எவர்சில்வர் ராடு மட்டுமே. கெட்டி எஃகு ஆறும்போது இழுக்கிற இழுப்புக்கெல்லாம் விரிசல் விடாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. அதுவே தக்கதென்று வெல்டர் நன்கறிவார். அறிந்தும் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. ஏனெனில் போன மாதம், கதவின் முதல் ஒட்டு முறிந்த அன்று, குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகையில், அடுத்த தெருவில் வெல்டிங் கடை வைத்திருக்கும் மைத்துனன், மாமியார் உட்பட அனைவர் காதிலும் விழும்படி, "மாமா, அதுக்கு எவர்சில்வர் ராடு போட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டான். அக்கணமே வெல்டரின் நெஞ்சம் சூளுரைத்தது: 'விண் இடிந்து வீழினும் மண் பிளந்து விழுங்கினும் மைத்துனன் மொழிந்த ராடு என் கைப்பிடியில் ஏறாது.' வாய் என்னவோ "பாக்கலாம், பாக்கலாம்" என்றுதான் சொன்னது.

உள்ளே தட்டுகளில் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு யாருடைய ரோஷமும் தெரியாது.

"இன்னும் ஒரு மணி நேரம்தாங்க மாவு தாங்கும்," என்றாள் மனைவி. அதட்டியிருந்தால் அவரும் பதிலுக்கு எகிறியிருப்பார். அவள் குரல் லேசாக நடுங்கியது. அதுதான் அவரை வீழ்த்தியது. கொல்லைப்புறம் போய், ஈயும் எறும்பும் கேளாவண்ணம் போன் போட்டார்.

"மாப்ளே, அந்த எவர்சில்வர் ராடு இருக்கா?"

மறுமுனையில் வெற்றிமுரசு அதிரும், எள்ளல் அம்புகள் பாயும் என்றெண்ணிப் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தார்.

"இருக்கு மாமா. மெலிசாப் பாத்துக் கொண்டாரேன். கீலைக் கொஞ்சம் சூடு பண்ணி வைங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்தியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

மைத்துனன் ராடோடு வந்திறங்கியபின் நிகழ்ந்த போரை என்னென்பது. கரண்ட்டைக் குறைத்து, சுடரைக் கீலின் மேல் சாய்த்து, தகட்டை நுனியால் மட்டும் தொட்டு, பொட்டுப் பொட்டாய் வைத்து, இளைப்பாறி, மீண்டும் வைத்து, மெல்ல ஆறட்டுமென்று ஒட்டைச் சுடுமணலில் புதைத்தபின், இரண்டு வெல்டர்களும் தலையோடு தலை முட்ட மணலுக்குக் காது கொடுத்து அரைமணி நேரம் மூச்சடக்கிக் கிடந்தனர். 'டிக்' கேட்கவில்லை.

கதவு மாட்டப்பட்டது. முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றி, மார்பை நிமிர்த்தி, ஒட்டின் நேர்த்தியை மனைவி விரலால் வருடிப் பார்ப்பாள், தன்னிகரில்லாத் தலைவா என வாயால் சொல்லாவிடினும் கண்ணாலேனும் சொல்வாள், மைத்துனனும் அதைக் காண்பான் என்று காத்து நின்றார் நம் வெல்டர்.

அவள் இரண்டு கையாலும் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள்.