தூஸ்யாவைக் காட்டிக்கொடுத்த பனி

பெருமதிப்பிற்குரிய கிளாவ்தியா அக்காவுக்கு,

விளாதிவஸ்தோக்கிலிருந்து தம்பி புரோகோர் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் சுகம். உன் பித்தப்பையும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி வயிற்றெரிச்சல்தான்.

மருமகள் இனெஸ்ஸா தும்முகிறாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஓயாத தும்மல். மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள்: "மாமா, ஒண்ணு தூஸ்யா இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." தூஸ்யா என் பூனை. என் மனைவி போனபிறகு எனக்கென்று மடியில் வந்து உட்காருகிற ஒரே ஜீவன். அவளையும் அனுப்பிவிட்டு நான் யாரோடு பேசுவது? சுவரோடா?

அந்தச் சமயம் பார்த்துப் பல்கலைக்கழகத்துப் பெண்ணொருத்தி ஜாடியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தாள். காற்றில் மிதக்கிற மகரந்தம், முடி, இறகுத் துணுக்கெல்லாம் பனியோடு சேர்ந்து இறங்குகிறதாம். அதில் எது ஒவ்வாமை தரும் என்று நகரம் பூராவும் அள்ளிப் பார்க்கிறார்களாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குற்றவாளி பனிதான் என்று ஆகிவிட்டால் தூஸ்யா தப்பித்தாள் அல்லவா? நானே அழைத்துப்போய், புதுப்பனி மெத்தென்று கிடந்த இடமாகப் பார்த்துக் காட்டினேன். அடிவரைக்கும் தோண்டு தாயே என்று வேறு சொன்னேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் அக்கா. அந்த இடம் எது தெரியுமா? என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த, குளிருக்குச் சுவரில் மாட்டுகிற கம்பளத்தை முந்தின வாரம் பனியில் குப்புறப் போட்டு நான் அடி அடியென்று அடித்த இடம்! ஊரே அப்படித்தானே கம்பளத்தைச் சுத்தம் செய்கிறது? மேலே புதுப்பனி மூடியதும் எனக்குச் சுத்தமாக மறந்துபோனது.

சில நாள் கழித்து அந்த ஜாடிப் பெண் திரும்பி வந்து, படிக்கட்டில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். மற்ற முற்றங்களில் ஏதோ கொஞ்சம் மகரந்தமாம். எங்களுடையதில் பூனை முடி, இறகு, பூஞ்சை வித்து, பூச்சிக் கால். "ஐயா, இங்க பூனை ஏதாவது வெடிச்சுதா?" என்று கேட்டாள். பூனை என்றதும் இனெஸ்ஸா வேறெதையும் காதில் வாங்கவில்லை. படித்தவர்களுக்கு வேறு வேலை கிடையாதா? துறைமுகத்தில் ஆயுசு பூரா கிரேன் ஓட்டினேனே, என் மேல் விழாத பனியா? ஒரு தும்மல் உண்டா?

போகட்டும். வியாழக்கிழமை ரயிலில் தூஸ்யாவைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன், ஸ்டேஷனுக்கு வா. மீனை முள் எடுத்துக் கொடு. வாலைத் தொடாதே. ராத்திரி காலடியில் படுக்க விடு. அத்தான் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. இது ஒவ்வாமை இல்லை.

உன் குடும்பம் தழைக்கட்டும், உன் வெள்ளரி ஊறுகாய் கெடாதிருக்கட்டும்.

அன்புத் தம்பி,
புரோகோர்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒரு சேதி. பூனை முடி ஒன்றுகூட மிஞ்சக்கூடாதென்று இனெஸ்ஸா கம்பளத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னாள். இறக்கினால் பின்னால் சுவர் பூராவும் கன்னங்கரேலென்று பூஞ்சை. அன்றைக்கு அடிக்க இறக்கியபோது கண்ணாடி போடாததால் நான் கவனிக்கவே இல்லை. கம்பளம் பால்கனிக்குப் போனது, சுவரைத் தேய்த்துக் கழுவினோம், தும்மலும் நின்றது. நேற்று தூஸ்யா நேராகப் போய் அவள் மடியிலேயே ஏறிவிட்டாள். நான் பிடித்து இறக்க ஓடினேன். அவளோ, "இருக்கட்டும் மாமா, பாவம், குளிருதுல்ல அதுக்கு" என்கிறாள்.

ஆகவே வியாழக்கிழமை கட்டாயம் ஸ்டேஷனுக்கு வா, அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. கூடை வராது. உன் கம்பளம் வருகிறது. மாட்டுவதற்குமுன் பனியில் போட்டு நன்றாக அடி. யாராவது ஜாடியோடு வந்தால் மட்டும் இடத்தைக் காட்டிவிடாதே.