லண்டன் வாசல்

ஒரு வேலையும் சரிவராத ஆளிடம், கடைசியில் நேரம் பார்க்கும் பொறுப்பைத்தான் ஒப்படைப்பார்கள். அதையும் பிழையாகச் செய்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டு வருடங்களுக்கு முந்திய ஆகஸ்ட் மாதம் அது. லண்டனில் ஒரு நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த நான், லீவு போட்டுவிட்டு, இலங்கையில் கனகராயன்குளத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்கு முன்பள்ளி கட்டப் போனேன். அந்த ஊரின் நாலு வயதுப் பிள்ளைகள் ஏ-ஒன்பது வீதியோரமாக, லொறிகளுக்குப் பக்கத்தால், அடுத்த ஊருக்கு நடந்து படிக்கப் போனார்கள். அடுத்த தவணைக்குள் அவர்களுக்குச் சொந்த ஊரிலேயே ஒரு கட்டடம் வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

அந்த நாட்களின் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. திங்கள், காலை 7.20: சீமெந்து குழைத்தேன். 7.35: நான் குழைத்ததை மேசன் செல்வம் அண்ணை திரும்பக் குழைத்தார். செவ்வாய்: கல் அடுக்கினேன். (அடுக்கியதை யார் பிரித்தார் என்று எழுதவில்லை. எனக்கும் மானம் உண்டு.) புதன்கிழமை, பெற்றோர் குழுத் தலைவி தவமணி அக்கா என்னை நிழலுக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"தம்பி படிச்ச பிள்ளை. வெள்ளிக்கிழமை வாசல் நிலை வைக்கிறம். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சொன்னால் காணும்."

கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஒன்பது பன்னிரண்டு. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு 'வையுங்கோ' என்று சொல்லியிருப்பார்கள். நான் சரிபார்த்தேன். லண்டனில் இருந்து கொண்டுபோயிருந்த பஞ்சாங்கப் புத்தகத்தில், பத்து நாற்பதுக்குத்தான் நல்ல நேரம் தொடங்கியது.

வெள்ளி, 9.10. மஞ்சள் பூசி மாவிலை கட்டிய நிலையை நாலு பேர் தூக்கிவிட்டார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"இறக்குங்கோ. பத்து நாற்பதுக்குத்தான் வைக்கவேணும்."

செல்வம் அண்ணை நிலையை விடாமலே திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குதெல்லே தம்பி?"

"அது பொதுக்கணக்கு அண்ணை. சூரிய உதயத்தை வைச்சு நிமிசக் கணக்கிலதான் பார்க்கவேணும்."

பிறகு விளக்கினேன். (நாற்பது நிமிடம். குழைத்த சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.) அவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவன் என்ற மரியாதையோ, என் வாயை மூடவைக்க வேறு வழி தெரியாததோ, எல்லாரும் சம்மதித்தார்கள். பத்து நாற்பதுக்கு நிலை ஏறியது. தேங்காயும் உடைத்தாயிற்று.

கூரை போடவும் ஒரு நாள் பார்க்கலாம் என்று தவமணி அக்கா என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"தம்பி, இதில சூரியன் எட்டு இருபத்தஞ்சுக்கெல்லோ மறையிறார்?"

"ஓம் அக்கா."

"இரவோ?"

"ஓ... ஓம் அக்கா."

"இஞ்ச நாங்கள் ஆறரைக்கு விளக்குக் கொளுத்திறம்."

அவர் அட்டையைத் திருப்பி உரத்து வாசித்தார்: "லண்டன் நகருக்குக் கணிக்கப்பட்டது."

அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் வாசிக்கிறவன் நான். அட்டையை மட்டும் வாசித்திருக்கவில்லை.

மறுநாள் காலை மூன்று தாய்மார் வந்தார்கள். "ராகு காலத்தில வைச்ச வாசலால என்ர பிள்ளையை விடமாட்டன். றோட்டால நடந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பிள்ளைகளை அந்த லொறிகளிடமே திருப்பி அனுப்பியிருந்தேன்.

"நிலையைக் கழட்டித் திரும்ப வைப்பமே?" என்று கேட்டேன்.

"வைச்ச நிலையைக் கழட்டவும் நேரம் பார்க்கவேணும்" என்றார் செல்வம் அண்ணை. "நீங்கள் பார்க்கப் போறியளோ?"

எங்களைக் காப்பாற்றியவர் நிலை செய்து தந்த தச்சர் நசீர் நானா. "உங்கட ராகு எனக்கு விளங்காது. ஆனால் கிழக்குச் சுவர் இன்னும் இடுப்பளவுதான் நிக்குது. அதில ஒரு வாசலை இடியுங்கோ. ஒரு கிழமையில வேற நிலை தாறன்."

சுவரை இடித்தது நான். அந்த வேலையில் எனக்கு ஒரு பிறவித் திறமை இருந்திருக்கிறது. செல்வம் அண்ணை முதல்தடவையாக "நல்ல வேலை" என்றார்.

இரண்டாவது நிலை ஐயர் சொன்ன நேரத்துக்கே ஏறியது. அதற்கு முன் தவமணி அக்கா என்னிடம் வந்து கையை நீட்டினார். "மணிக்கூட்டைக் கழட்டித் தாங்கோ தம்பி." வாங்கித் தன் கைப்பையில் போட்டு சிப்பை இழுத்துவிட்டார்.

தவணை தொடங்கிய அன்று பதினெட்டுப் பிள்ளைகளும் கிழக்கு வாசலால் உள்ளே போனார்கள். பழைய வாசலுக்கு அன்றே 'லண்டன் வாசல்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிந்தி வருகிறவர்கள் அதால்தான் வரவேண்டும் என்று ஆசிரியை ஒரு சட்டமும் போட்டார். அந்தப் பயத்தில் எந்தத் தாயும் பிள்ளையைப் பிந்தவிடுவதில்லையாம். இந்த எட்டு வருடத்தில் ஆடுகளையும் என்னையும் தவிர வேறு யாரும் அதால் நுழைந்ததாகத் தகவல் இல்லை.

ஒவ்வொரு வருடமும் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எனக்கு அழைப்பிதழ் வரும். என் மனைவி அதைப் பிள்ளைகளுக்கு உரத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவாள். கனகராயன்குளத்துக்கு உள்ளே, ஒரு வயல்கரையில், அந்த ஊர்ச் சனம் மட்டுமே வருகிற விழா. அழைப்பிதழில் இப்படி அச்சிட்டிருக்கும்: 'காலை ஒன்பது மணி (இலங்கை நேரம்)'.