ஆப்சைட் மாமாவும் கம்பி முதலாளியும்

காற்பந்தில் எத்தனையோ விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வைத்தே உலகம் முழுவதற்கும் தீர்ப்பு சொன்ன மனிதர் மலாயாவின் நெகிரி செம்பிலானில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோட்டத்து ஆப்சைட் மாமா. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது அவருடைய அடையாள அட்டையைச் சோதித்த போலீஸ்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கோலா கிளாவாங் போகும் மலைச்சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். மாமாவுக்குப் புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டு வாட்டுகிற வேலை. அதனால் அவர் வருவது முதலில் மூக்குக்குத் தெரியும், அப்புறம் காதுக்கு, கடைசியில்தான் கண்ணுக்கு. நான் புல்வெட்டு வேலையில் இருந்தேன். தோட்டத்துக் குழுவில் மாற்று கோல்காப்பாளனாகவும் இருந்தேன். எங்கள் கோல்காப்பாளனுக்கு ஒருநாளும் சளிகூடப் பிடித்ததில்லை. ஆகவே மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கத்துவதைக் கேட்பதுதான் என் பதவி. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. நாலு பேர் பார்க்க ஓடுவதென்றால் எனக்குக் கூச்சம்.

ஆப்சைட் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால் போதும்.

"வேர்வ சிந்தாம கோல் வாசல்ல போயி நின்னுகிட்டு, எவனோ மாடு மாதிரி ஓடிக் கொண்டாந்து குடுக்குற பந்த வாங்கி உள்ள தள்ளுறான் பாரு, அவந்தான் ஆப்சைட். வெளங்குச்சா?"

இந்த விளக்கத்தோடு அவர் மைதானத்துக்கு வெளியேயும் நடமாடினார். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் தேடியபோது காணாமல் போயிருந்த, எங்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர், முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். "ஆப்சைட்!" மண்டோர் எடுத்த வடையை இலையிலேயே வைத்துவிட்டார். மாரியம்மன் திருவிழாவில் தேர் வடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, தீபாராதனைக்கு முன்வரிசையில் நின்றார். "ஆப்சைட்!" பூசாரியின் கையில் மணி ஒரு கணம் நின்று, பிறகு அடித்தது.

அவசரகாலம் வந்தது. வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். ஒரே வாசல், அதில் காவல், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு. மைதானம் வேலிக்கு வெளியே, வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஆட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அந்தக் கம்பியை விற்றவர் சிரம்பானில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு தமிழர். அவசரகாலம் எல்லாரையும் இளைக்க வைத்தது. அவரை மட்டும் பெருக்க வைத்தது. எங்கள் தோட்டத்துக்கு ஒரு வரிசைக் கம்பி போதும் என்றுதான் முதலில் பேச்சு. அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வேலி இரண்டு வரிசையானது. எங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை.

எங்களை அடைத்து முடித்த பிறகு அவருக்கு எங்கள் மேல் பாசம் வந்துவிட்டது. குழுவைத் தத்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஜெர்சியும் பூட்ஸும் பந்தும் கொண்டுவந்தார். ஜெர்சியின் முதுகு முழுக்க அவருடைய கடைப் பெயர். குழுவின் பெயரும் அதுவே ஆனது. பந்து ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாலை போட்டு, அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பூட்ஸ் அதுவரை யாரும் போட்டதில்லை. முதல் நாள் எங்கள் ஆட்டக்காரர்கள் சேற்றில் சிக்கிய கொக்குகள் மாதிரி நடந்தார்கள். இடது ஓரத்து ஆட்டக்காரன் பூட்ஸைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடினான்.

நம்மை அடைத்துப் போட்டவர் கொடுத்த பந்தை நாம் உதைக்கலாமா? லயத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. புது பூட்ஸின் வாசனை வந்ததும் அது அடங்கிவிட்டது. மண்டோர் நியாயம் சொன்னார்.

"கம்பி போடச் சொன்னது கவர்மெண்டு. இவரு வித்தாரு, அவ்ளோதான்லா. பந்து என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

"பந்து ஒரு பாவமும் பண்ணல," என்றார் மாமா. "நீதான் ஆப்சைட்ல நிக்கிற."

முதல் ஆட்டத்துக்குக் கம்பி முதலாளி காரில் வந்து இறங்கினார். மைதானத்தின் நடுவே நடந்து போய், இரண்டு கோல் கம்பங்களுக்கும் இடையில் நின்று, படம் எடுக்கச் சொன்னார். சிரித்தபடி அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்ட நேரத்தில் என் பக்கத்திலிருந்து இடி இடித்தது.

"ஆப்சைட்!"

மைதானம் மொத்தமும் சிரித்தது. இழுத்த வயிறு கீழே இறங்கியது. அன்று அவர் நாற்காலியைவிட்டு எழுந்த போதெல்லாம் தீர்ப்பு வந்தது.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி மண்டோரைக் கூப்பிட்டார். "அந்தப் புகையடிச்ச ஆளு இனி மைதானத்துக்குள்ள வரக்கூடாது. வந்தா பூட்ஸ் எல்லாம் திரும்பிப் போயிரும். ஆமா, அவன் யாரு? காட்டுக்குச் சோறு கீறு அனுப்புறவனா? விசாரிக்கச் சொல்லவா?"

அந்தக் காலத்தில் அப்படி ஒரு வார்த்தை போதும், ஒரு மனிதனை லாரியில் ஏற்றிக்கொண்டு போக. பயந்திருந்தால் நான் எங்கள் ஆட்களை மன்னித்துவிடுவேன். ஆனால் அன்று கோயில் வாசலில் கூடிய கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் பேசியது பூட்ஸைப் பற்றி. மாமா இனி வேலிக்கு உள்ளேயே இருக்கவேண்டும் என்று முடிவானது. குழுவின் தலைவன் முனியாண்டி, மாமாவின் சொந்த அக்கா மகன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரி என்றான். மாற்று ஆட்டக்காரனான என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு மாமா வேலிக்கு உள்ளே, கோணிப்பை போட்டு மூடிய எதன்மேலோ உட்கார்ந்து, இரண்டு வரிசைக் கம்பி வழியாக ஆட்டம் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. காற்பந்தைத் தவிர வேறு சந்தோஷம் இல்லாத மனிதர் அவர். வெளியே எங்கள் ஆட்கள், கோல் விழுந்தால் "முதலாளி வாழ்க!" என்று கத்தினார்கள். உதைத்தது என்னவோ முனியாண்டி.

வட்டாரக் கோப்பையின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரே தம்பின் பக்கத்துத் தோட்டத்துக் குழு. போன வருடம் கோப்பை அவர்களுடையது. சமமாக முடிந்தாலும், ஆட்டம் நின்றுபோனாலும் கோப்பை அவர்களிடமே இருக்கும் என்று நடுவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சிரம்பானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. தம்பின்காரன் ஒருவன் உதைத்த பந்து மைதானத்தைத் தாண்டிப் பறந்து, நேராக வேலியில் போய் மோதியது. முதலாளி விற்ற கம்பி முதலாளி கொடுத்த பந்தைக் குத்தியது. பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பந்து தோசையாகக் கம்பியில் தொங்கியது.

"வேற பந்து?" என்றார் நடுவர்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி காரைப் பார்த்தார். "சிரம்பானுக்கு ஆள் அனுப்புறேன்." ஆள் திரும்பி வருவதற்குள் ஊரடங்கு வந்துவிடும்.

அப்போது முனியாண்டி வேலியை நோக்கி நடந்தான். கூட்டம் பின்னாலேயே போனது.

"மாமா. பந்தக் குடு மாமா."

"எந்தப் பந்துடா?"

"நீ உக்காந்துருக்கியே, அது."

மாமா எழுந்து கோணிப்பையை எடுத்தார். முதலாளி வருவதற்கு முன்னால் நாங்கள் ஆடிய பழைய பந்து! புகைக்கூடத்தில் சீட்டுகளோடு தொங்கவிட்டு, ரப்பர் பால் தடவி ஒட்டுப் போட்டு, அவர் காப்பாற்றி வைத்திருந்தார். நிறமும் நாற்றமும் அவரைப் போலவே இருந்தன.

"இது நம்ம டீம் பந்து," என்றார். "வெளிய ஆடுறது அவரு டீமு. எங்க இருக்குடா நம்ம டீமு?"

முனியாண்டி ஜெர்சியைக் கழற்றி, கடைப் பெயர் எல்லாருக்கும் தெரியும்படி முள்கம்பியில் மாட்டினான். குனிந்து பூட்ஸையும் அவிழ்த்தான். அடுத்தவன் கழற்றினான். அவனுக்கு அடுத்தவனும். பதினொரு ஜெர்சிகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. மாற்று கோல்காப்பாளனான நானும் என் ஒல்லி உடம்பைக் கையால் மறைத்துக்கொண்டு பன்னிரண்டாவதை மாட்டினேன். யாரும் கவனிக்கவில்லை.

"என் பேரு! என் பேரக் கிழிக்கிறானுங்க!" என்று முதலாளி கத்தினார்.

இரண்டு வரிசைக் கம்பிக்கும் மேலே பழைய பந்து பறந்து வந்தது. சற்று முன்புவரை முதலாளியை வாழ்த்திய அதே வாய்கள், "மாமா! மாமா!" என்று கூவின. எங்கள் ஆட்களுக்கு மனம் மாற ஒரு பந்து பறக்கிற நேரம் போதும்.

வெறும் காலோடு, வெறும் உடம்போடு ஆடினார்கள். மான் மாதிரி ஓடினார்கள். கடைசியில் முனியாண்டி கோல் வாசலில் கிடைத்த பந்தை உள்ளே தள்ளினான். கோல்!

நடுவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். ஆப்சைட்.

மொத்தக் கூட்டமும் நடுவரை விட்டுவிட்டு வேலிப்பக்கம் திரும்பியது. மாமாவின் முகம் புகைக்கூட அடுப்பு மாதிரி சிவந்திருந்தது. கம்பிக்கு உள்ளேயிருந்து குரல் கிழியக் கத்தினார்.

"ஆப்சைட் இல்ல! வாத்தியாரே, ஆப்சைட் இல்ல!"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அப்படி வந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நடுவரும் கேட்கவில்லை. கோப்பை தம்பினுக்கே போனது.

முதலாளி ஜெர்சிகளைக் கம்பியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, போலீசில் சொல்வதாக உறுமிவிட்டுக் காரில் ஏறினார். சொல்லவும் செய்தார். மறுநாள் ஒரு மலாய் சார்ஜென்ட் புகைக்கூடத்துக்கு வந்தார். வெளியே மாமாவின் அக்கா அழுதுகொண்டு நின்றார். முனியாண்டி வாசலை மறித்து நின்றான். சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மலாயில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நேற்று அந்த கோல், ஆப்சைட் தானே?"

"இல்லை, துவான்," என்றார் மாமா, சத்தியம் செய்கிற குரலில்.

சார்ஜென்ட் முந்தின நாள் ஆட்டம் பார்த்தவர். வாய்விட்டுச் சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். முதலாளி அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

கூச்சத்தை விட்டு நான் மாமாவிடம் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பழைய பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மாமா, நெசமாவே அது ஆப்சைட் இல்லையா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "நல்லா ரெண்டு கஜம் ஆப்சைட்டுடா," என்றார். பந்தை ஒரு தரம் தடவினார். "ஆனா நம்ம புள்ளைங்க ஓடி வேர்த்துப் போயித்தானடா அங்க நின்னானுங்க."

இப்போது வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது. ஆட்டத்தில் யாராவது ஆப்சைட் கொடியைத் தூக்கினால், அது யாருடைய குழுவாக இருந்தாலும் சரி, "இல்ல" என்று சொல்லிக்கொள்கிறேன், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெதுவாக.