கிரீசில் பார்க்க ஒன்றுமில்லை

எங்கேயாவது போகவேண்டும் என்ற ஆசை வந்தால், வாசகரே, வாயை மூடிக்கொண்டு போய்விடுங்கள். வெளியே சொன்னீர்களோ, அது போய்வந்தவரின் காதில் விழுந்துவிடும்.

போய்வந்தவர் யார் என்கிறீர்களா? உங்கள் சோபாவில் சாய்ந்திருந்து உங்கள் வடையையே எத்தனை தரம் தின்றிருக்கிறார், அவரைத் தெரியாதாம்! பயணப் படங்களைக் காட்டி அறுக்கிறவரை நான் சொல்லவில்லை. அவர் பாவம், கண்டதில் சந்தோசப்பட்ட மனிதர், பொறுத்துக்கொள்ளலாம். போய்வந்தவர் படமே காட்டமாட்டார். நீங்கள் ஓர் ஊரின் பெயரைச் சொன்னதும் கண்ணைப் பாதி மூடி, தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்து, மூக்கால் ஒரு ‘ம்’ விட்டு, “எந்த மாசம்?” என்று கேட்பார். நீங்கள் எந்த மாதத்தைச் சொன்னாலும் அது பிழையான மாதம். மே என்றால் வெயில், ஒக்ரோபர் என்றால் மழை. கியூபாவா? மணல். பாரிசா? இரும்பும் சனமும். நயாகராவா? தண்ணி விழுகுது, வேறென்ன. இப்படி உலகத்தை ஒவ்வொரு ஊராக மூடிக்கொண்டு வந்து, கடைசியில் நீங்கள் உங்கள் வீட்டு பேஸ்மென்றிலேயே இருப்பதுதான் புத்தி என்று நிறுவிவிட்டு, இன்னொரு வடையை எடுப்பார்.

ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் இருக்கிற சண்முகநாதன் இந்த இனத்தில் கலப்படம் இல்லாத ஆள். நியாயமாகச் சொன்னால், அவர் இப்படிப் பிறக்கவில்லை. எண்பதுகளில் மற்றவர்களுக்கு முந்திக் கனடா வந்து, ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஓர் அறையில் இறங்கியவர். பின்னால் வந்தவர்களுக்கு எந்தக் கடையில் குளிருக்குக் கோட்டு வாங்குவது, எந்தப் பஸ்ஸில் ஏறினால் வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் அவர்தான் சொன்னார். அன்று அது உதவி. ஆனால் பிறகு வீடு வாங்கினாலும், வான் வாங்கினாலும், பிள்ளையைப் பியானோவுக்கு விட்டாலும் “அண்ணையை ஒருக்காக் கேட்டிட்டுச் செய்வம்” என்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டது. முந்தி வந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள்தான் அவரைத் தூக்கி வைத்தோம். இறங்கச் சொன்னால் இறங்குவாரா?

எங்கள் ஆட்களில் துர்க்கா என்றொருத்தி. அவளுடைய கணவன் பிரியந்தனும் அண்ணையைக் கேட்காமல் குளிர்சாதனப் பெட்டிகூட மாற்றாதவன். அதனால்தான் அண்ணை வீட்டுக்கு விருந்துக்குப் போன அந்தச் சனிக்கிழமை மாலை துர்க்கா வடையைத் தொடவேயில்லை.

அவள் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படித்தபோது ‘கிரேக்க உரோம நாகரிகம்’ எடுத்தவள். கொழுக்கட்டை அவிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஏன் கிரேக்கம் படித்தாள் என்று கேட்காதீர்கள், அந்தப் பாடத்துக்கு நல்ல ரீச்சர் இருந்தார். எபிடாரஸ் என்ற இடத்தில் கல்லால் கட்டிய பழைய அரங்கம் ஒன்று இருக்கிறது, கீழே நடுவில் நின்று ஒருவர் மெல்லப் பேசினால் உச்சியில் கடைசிப் படியில் இருப்பவருக்கும் கேட்கும் என்று அந்த ரீச்சர் சொன்னதை, சண்டைக்குள்ளால் ஓடி, கனடா வந்து, பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் தலை நரைக்கும்வரை அவள் வைத்திருந்தாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது. வருகிற குளிருக்குள் சத்திரசிகிச்சை, அதன்பிறகு படி ஏறுவது சந்தேகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆக, இந்த வசந்தத்திலேயே கிரீஸ் போகவேண்டும். தவறினால் இல்லை. சாரதியோடு தனி வான், சில நாள் ஓட்டம், ஏதென்ஸ், மைசீனி, எபிடாரஸ், ஒலிம்பியா, டெல்பி. பயணக் கம்பனிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதம் சொன்னால் போதும். பிரியந்தனும் சம்மதம்தான். ஆனால் அண்ணை அதே வான் பயணம் போய்வந்தவராம். “ஒரு சொல் கேட்டிட்டு புக் பண்ணுவம்” என்றான்.

“கிரீசோ?” என்றார் சண்முகநாதன். கோப்பை கீழே போனது. மூக்கு ‘ம்’ விட்டது. “எந்த மாசம்?”

“மே, அண்ணை” என்றான் பிரியந்தன்.

“மேயிலை போகக்கூடாது.”

“அப்ப எப்ப?”

“போகவே தேவையில்லை, தம்பி. அக்ரோபோலிஸ் எண்டு மலைக்கு மேலை ஏத்துவாங்கள். எங்கட ரொறொன்ரோ றோட்டு மாதிரி எந்த நாளும் வேலை நடக்குது, சுத்திவரக் கம்பி. மைசீனியிலை வாசல்லை ரெண்டு சிங்கம் இருக்கு, ரெண்டுக்கும் தலையில்லை. ஒலிம்பியாவிலை ஓடுற திடல், வெறும் மண். டெல்பியிலை சாத்திரம் சொன்ன மனிசி செத்துக் கனகாலம். நான் அரைவாசி இடத்திலை வானை விட்டு இறங்கவே இல்லை. வானுக்கை ஏசி நல்லது.”

இறங்காமலே எப்படி எல்லாம் தெரிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பிரியந்தன் கேட்கவில்லை. தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்த துர்க்காவுக்கு ஏதென்ஸ் அணைந்தது, டெல்பி அணைந்தது, ஒவ்வொரு விளக்காக யாரோ நூர்த்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. கோபத்தில் காது சுட்டது. விருந்துக்கு வந்த இடத்தில் என்ன செய்வது? எபிடாரசையாவது காப்பாற்றலாம் என்று கேட்டாள்.

“அண்ணை, எபிடாரசிலை இறங்கினனீங்களோ?”

“இறங்கினனான். அது பெரிய ஏமாத்து, பிள்ளை. கீழை நிண்டு கதைச்சால் மேலை கேக்குமாம். நான் அந்த நடுவிலையே நிண்டு பாத்தனான். ஒரு மண்ணும் கேக்கேல்லை.”

கீழே நின்றவருக்கு மேலே கேட்டதா என்று எப்படித் தெரியும்? பிரியந்தன் அதற்கும் தலையை ஆட்டினான். “அப்ப வேறை எங்கையும் பாப்பம், துர்க்கா. உம்மடை காலும் ஏலாது” என்று மெல்லச் சொன்னான். முடிந்தது கதை. முப்பது வருசத்துக்கு மேலாக வைத்திருந்ததை ஒரு வடை தின்கிற நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

“கேட்டது” என்றார் பாலேஸ்வரி.

சண்முகநாதனின் மனைவி. பரிமாறுவதும் கோப்பை எடுப்பதுமாக அதுவரை அறையில் இருந்தும் இல்லாதவர். கையில் சட்னிப் பாத்திரத்தோடு நின்றார்.

“என்ன கேட்டது?” என்றார் சண்முகநாதன்.

“எபிடாரசிலை. நான் மேலை கடைசிப் படியிலை இருந்தனான். நீங்கள் கீழை நிண்டது எனக்குக் கேட்டது.”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“போனிலை கதைச்சனீங்கள்.” பாலேஸ்வரி துர்க்காவைப் பார்த்துச் சொன்னார், பாத்திரம் கையில் அசையவில்லை. “உங்கட அண்ணை மெல்லத்தான் கதைச்சவர், துர்க்கா. எண்டாலும் ஒரு சொல்லுத் தவறேல்லை. ‘பாக்க ஒண்டுமில்லை மச்சான், எல்லாம் கல்லு. இவளின்ரை ஆய்க்கினை தாங்காமல் வந்தனான். ஒரே வானுக்கை இவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு மறியல் கம்பிக்குள்ளை இருக்கலாம்’ எண்டவர். எனக்குப் பக்கத்திலை நிண்டு சொன்ன மாதிரி இருந்தது.”

சண்முகநாதன் கோப்பையை எடுத்தார். அது வெறுங்கோப்பை. இருந்தாலும் குடித்தார்.

“ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று துர்க்கா கேட்டாள்.

“ஆர் என்னைக் கேட்டது? போய்வந்தது இவர் எண்டுதானே எல்லாரும் இவரைக் கேக்கிறியள்.” சட்னியைப் பிரியந்தனின் தட்டில் வைத்தார். “நீங்கள் போங்கோ. மெல்ல மெல்ல ஏறலாம், இருந்து இருந்து ஏறினால் முழங்கால் ஏலும். வானிலை ஒரு சீற் மிஞ்சுமெண்டால் நானும் வாறன். அந்தப் படியிலை இன்னொருக்கா இருந்து, கீழை நிண்டு ஆரும் வேறை என்னவும் சொல்லினமோ எண்டு கேட்டுப் பாக்கவேணும்.”

மே மாதத்தில், அந்தப் பிழையான மாதத்தில், வான் போனது. பின் இருக்கையில் துர்க்காவும் பாலேஸ்வரியும், முன்னால் சாரதியோடு பிரியந்தன். எபிடாரசில் துர்க்கா நின்று நின்று உச்சிவரை ஏறி, பாலேஸ்வரிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி இருந்தாள். கீழே நடுவில் நின்ற பிரியந்தன் தொண்டையைச் செருமினான், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். கடைசியில், “அக்கா, உங்கட வடை நல்லம்” என்றான். அது மேலே வந்தது. பாலேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேட்டதோ?” என்று துர்க்காவைக் கேட்டார். கேட்டது.

சண்முகநாதன் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இப்போது அவர், “கிரீசுக்கு எங்கட மனிசியை ரெண்டாந்தரமும் அனுப்பினனான், அவவையே கேளுங்கோ, ஒண்டுமில்லை” என்கிறார். இனம் அழியாது.

அழியாதது மட்டுமா, பரவவும் செய்கிறது. போன மாதம் மார்க்கம் நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் கரோலின் என்ற பிள்ளை துர்க்காவின் மேசைக்கு வந்து, “அன்ரி, நாங்களும் கிரீசுக்குப் போறம்” என்றாள். துர்க்காவின் கண்கள் பாதி மூடின. கையிலிருந்த கோப்பை தானாகவே கீழே இறங்கியது.

“எந்த மாசம்?” என்றாள் துர்க்கா.

மேசைக்குக் கீழே பாலேஸ்வரி அவளுடைய காலில் ஓர் உதை விட்டார். நல்ல காலம், அது சத்திரசிகிச்சை செய்யாத கால்.

நான் அந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்களா, வாசகரே? சரி. எபிடாரஸ் என்ற பெயரைக் கண்டதும், ‘நாங்களும் போனனாங்கள், அப்படியொண்டும் இல்லை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவர் யார்? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன் ஒருதரம் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கடைசிப் படியில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பேசாமல் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களோ, மெல்லத்தான் கதைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.