மாசி மகத்தன்று பெய்த பனி

அன்புள்ள பானுமதி அக்காவுக்கு,

விருத்தாசலத்திலிருந்து உன் சித்தி மகள் இளமதி எழுதுவது. நான் நலம். புனேயில் நீயும் மாமாவும் நலமாகவே இருப்பீர்கள். உன் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் விசாரிப்பதாக இல்லை.

அன்றைக்கு நம் நிறுவனத்தின் உலகக் கூட்டத்தில் நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். "எங்கள் பீங்கான் ஆலையில் பண்டிகை நாளில் ஒருவர் ஷிப்டை இன்னொருவர் பார்க்கும் வழக்கம் உண்டு, புது சாஃப்ட்வேரில் அதற்கு இடம் வேண்டும்" என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. பன்னிரண்டு நாட்டு ஆலைகளும் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்க, தலைமை தாங்கிய நீ "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டாய். எனக்கு உண்டு. ஆனால் உன்னை என்னவென்று கூப்பிட்டுத் தொடங்குவது? முந்தின நாள்தான் போனில் மிரட்டியிருந்தாய்: "அங்க வந்து அக்கான்னு கூப்பிட்டுத் தொலைக்காதடீ, சொந்தக்காரிய உள்ள வுட்டுட்டேன்னு பேசுவாங்க. எல்லாரும் கூப்புடற மாதிரி பேர் சொல்லிக் கூப்புடு." சிறுவயதில் எனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்குக் கூட்டிப்போனவளை வெறும் பானுமதி என்று கூப்பிடுவது எப்படி, அக்கா? மேடம் என்று அழைப்பது நம் நிறுவனத்தில் அடிமைப் பழக்கம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அதற்குள் நீ, "பேசாதவர்கள் சம்மதித்ததாகப் பதிவாகும், அதுதான் நம் விதி" என்று அறிவித்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டாய்.

ஒவ்வொரு ஆலையும் தன் ஊருக்கு ஏற்பத் தானே தீர்மானிக்கும் என்று வரவேற்பறைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேரில் எங்கள் தீர்மானத்துக்கு விடப்பட்ட ஒரே விஷயம், திரையின் மேல்பட்டை என்ன நிறம் என்பது. மஞ்சள் கேட்டோம். நீலம் வந்தது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். சூளை அணையாது என்பது உனக்கே தெரியும், தேர் ஓடினாலும் பெருநாள் வந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும், அதனால் மாசி மகத்தன்று தேவநாதன் அண்ணனின் ஷிப்டை ரசூல் பாய் பார்ப்பார், ரமலான் பெருநாளன்று ரசூல் பாயின் ஷிப்டைத் தேவநாதன் அண்ணன் பார்ப்பார், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலிருந்தே இதுதான் ஏற்பாடு, யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்டதில்லை. இந்த வருஷம் மாசி மகம் நோன்பு மாதத்திலேயே வந்தது. நோன்போடுதான் ரசூல் பாய் சூளைக்கு வந்தார். திரையில் தன் பெயரைத் தட்டினார். அது தேவநாதன் பெயருக்கு ஒதுக்கிய ஷிப்டு, இவர் யாரோ வெளியாள் என்று சாஃப்ட்வேர் முடிவு செய்து, கடல் கடந்து தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டது. அங்கிருந்து ஒரு புண்ணியவான், இங்கே ஷிப்டுக் கணக்குப் பார்க்கும் எனக்கு அவசரக் கடிதம் போட்டான்: "அத்துமீறி நுழைந்தவரைப் பிடித்துவிட்டீர்களா?" சூளைக்கு எதிரே வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப் படித்துக் காட்டினேன்.

"புடிச்சிட்டோம்னு எழுதிடும்மா," என்றார். "நோன்பு தொறக்கறதுக்குள்ள வுடச் சொல்லு."

தேவநாதன் அண்ணன் ஏன் வரவில்லை என்று வேறு காரணம் கேட்டது. பண்டிகை என்ற காரணமே அதில் கிடையாது. நோய், மரணம், பனிப்பொழிவு, இந்த மூன்றுதான். அண்ணன் நன்றாக இருக்கும்போது முதலிரண்டை எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் அண்ணன் திருநீறும் சுண்டலுமாக வந்து திரையைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "வெயிலு மண்டையப் பொளக்குது, நான் பனியில மாட்டிக்கிட்டனா? என் பொண்டாட்டி கேட்டா என்னா சொல்லுவா? எந்த ஊருல போயி மாட்டினேன்னு கேக்க மாட்டா?"

சிரிப்பு அதோடு முடிந்துவிட்டது அக்கா. ரசூல் பாய் பார்த்த அந்த ஷிப்டு எதிலும் பதிவாகவில்லை. ஆகவே அவருக்கு மாற்று இல்லை, பெருநாளன்று அவரே நிற்க வேண்டும், தேவநாதன் பெயர் அந்த ஷிப்டில் திறக்காது என்று சாஃப்ட்வேர் சொல்லுது. அவர் பையன் முகம்மது ரியாஸ் மூன்று வருஷம் கழித்து சவூதியில் தம்மாமிலிருந்து வரான். பெருநாள் தொழுகைக்கு அப்பாவோட போகத்தான் வரான். அந்த ஒரு காலைப்பொழுதைத்தான் நீ எடுத்துக்கிட்ட.

விடுமுறை அட்டவணைக்கு உலகம் முழுவதற்கும் நீதான் பொறுப்பு என்றார்கள். சாஃப்ட்வேர் வழியாக உனக்கே விதிவிலக்குக் கோரிக்கை அனுப்பினேன். பெருநாள் என்றைக்கு என்று கேட்டது. பிறை தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்றார் ரசூல் பாய். "பிறை எந்த நாட்டு ஆலைக்குக் கீழ வருதுன்னு கேப்பாங்க பாரு" என்றார் தேவநாதன் அண்ணன். பெருநாள் வரக்கூடிய இரண்டு நாளுக்கும் சேர்த்தே கேட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் "வூட்டு போன்ல ஆபீஸ் பேசாத" என்கிறாய். ஆபீஸ் மெயிலில் எழுதினால் நீ பயிற்சி முகாமில் இருப்பதாக ஒரு இயந்திரம் நன்றி சொல்கிறது. அதனால்தான் இந்தத் தபால்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேசாதவர் சம்மதித்தவர் என்கிற அந்த விதியைக் கிழித்துப் போடு. ஒருத்தி பேசாமல் இருக்க மரியாதை, பயம், கூச்சம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. நான் வீட்டிலும் அதிகம் பேசாதவள். எனக்குச் சம்மதம் என்று இதுவரை எழுதப்பட்டவை எத்தனை என்று நீயே யோசித்துப் பார்.

மாமாவுக்கு என் வணக்கம். பெரியம்மா திட்டக்குடியிலிருந்து உனக்குக் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் என்னிடம்தான் இருக்கிறது. ரசூல் பாய்க்கு நியாயம் கிடைக்கும்வரை இங்கேயே ஊறும்.

உன்மேல் மரியாதையும் அதைவிடக் கூடுதலாகக் கோபமும் உள்ள,
இளமதி

பி.கு.: உறை வாங்கித் தபாலில் சேர்ப்பதற்குள் பெருநாள் வந்து போய்விட்டது. அக்கா, மேலே கேட்டதை மறந்துவிடு. தயவுசெய்து அந்த விதியை எடுத்துவிடாதே. என் கோரிக்கைக்கு நீ மூன்று வேலை நாளாகப் பதில் போடாததால், நீ சம்மதித்ததாக சாஃப்ட்வேர் தானே பதிவு செய்துகொண்டது. ஊறுகாய் கூரியரில் வருகிறது. பெருநாளன்று ரசூல் பாய் ஏன் வரவில்லை என்று காரணம் எழுதும் இடத்தில் வேறு வழியில்லாமல் பழையதையே எழுதினேன். விருத்தாசலத்தில் இந்த மாதம் இரண்டாவது முறையாகப் பனி பெய்திருக்கிறது. தேவநாதன் அண்ணன் சூளையைப் பார்த்துக்கொண்டார். ரசூல் பாய் மகனோடு தொழுகைக்குப் போனார்.